வெளியேறாத நீர்: வீட்டு நீச்சல் குளத்தின் வேதியியல்

ஆறு தன்னுள் விழுந்ததைக் கடலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஏரி, நிறைந்தால் கலிங்கல் வழியாகவும் பாசனக் காலத்தில் மதகுகள் வழியாகவும் தன் நீரை மாற்றிக்கொள்கிறது. வீட்டு நீச்சல் குளத்துக்கு அத்தகைய போக்கிடம் கிடையாது. ஒருமுறை நிரப்பப்பட்ட நீர் மோட்டாரால் உறிஞ்சப்பட்டு, மணல் வடிகட்டியின் ஊடாகச் சென்று, அதே தொட்டிக்குத் திரும்பி வருகிறது. மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், இந்தச் சுற்று தொடர்கிறது. வடிகட்டி தூசியையும் இலைத்துணுக்கையும் பிடித்து நிறுத்துமே தவிர, நீரில் கரைந்துவிட்டவற்றை அதனால் பிடிக்க முடியாது. வெயிலில் ஆவியாகி மேலே செல்வதும் நீர் மட்டுமே என்பதால், நிரப்பிய நீரோடு வந்த உப்புகள், குளிப்போரின் வியர்வையிலிருந்து வந்த யூரியா, கிருமிகளைக் கொல்ல இடப்பட்ட மருந்துகளின் மிச்சம் ஆகியவற்றில் பெரும்பகுதி தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டிருக்கிறது. வடிகட்டியைப் பின்னோட்டத்தில் கழுவும்போது சிறிதளவு நீர் வெளியேறுவது உண்மைதான். ஆயினும் சேரும் வேகத்துக்கு அது ஈடாவதில்லை. குளத்து நீரின் வேதியியலை அறிய முற்படும் எவரும் இந்தச் செய்தியிலிருந்தே தொடங்க வேண்டும். ஏனெனில் நீரில் இன்று என்ன இடப்பட்டது என்பதைவிட, இதுவரை இட்டவற்றில் என்ன எஞ்சியிருக்கிறது என்பதே நாளடைவில் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த அத்தியாயம் முழுவதும் கணக்கிடுவதற்கு வசதியாக எட்டு மீட்டர் நீளமும் நாலரை மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு குளத்தை எடுத்துக்கொள்ளலாம்; அதன் கொள்ளளவு ஏறத்தாழ 50,000 லிட்டர். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் பொருள் கரைந்திருந்தால் அதனை ஒரு பிபிஎம் என்பர். அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இக்குளத்தில் எந்தப் பொருளையும் ஒரு பிபிஎம் உயர்த்த வேண்டுமானால் அதில் 50 கிராம் தேவைப்படும்.

கிருமிநீக்கியாக உலகெங்கும் பெரும்பாலும் பயன்படுவது குளோரின். ஸ்வீடன் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1774-இல் இந்த வாயுவைப் பிரித்தெடுத்தார். 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் குளோரின் சேர்மத்தைத் தொடர்ச்சியாகக் கலக்கும் முறை தொடங்கிய பின், சில ஆண்டுகளுக்குள் அது நீச்சல் குளங்களுக்கும் வந்து சேர்ந்தது. கடையில் இன்று அது பல வடிவங்களில் கிடைக்கிறது: பிளீச்சிங் பவுடர், அதைவிடச் செறிவான கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை, திரவ சோடியம் ஹைப்போகுளோரைட், டிரைகுளோர் எனப்படும் வெண்ணிற வில்லை. வடிவம் எதுவாயினும் நீரில் கரைந்ததும் கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் ஒரே மூலக்கூறுதான். இந்த அமிலம் நீரில் தனியாக இருப்பதில்லை. தன் ஹைட்ரஜனை இழந்து ஹைப்போகுளோரைட் அயனியாக மாறுவதும், அதனை மீண்டும் பெற்று அமிலமாவதும் இடையறாது நடந்துகொண்டிருக்கும். அமிலத்துக்கு மின்னூட்டம் இல்லை, ஆகவே அது பாக்டீரியாவின் செல் உறையை எளிதில் ஊடுருவுகிறது. அயனியோ எதிர்மின்னூட்டம் கொண்டது. செல்லின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டிருப்பதால் அயனி அங்கே நெருங்கவே தயங்குகிறது. கொல்லும் திறனில் அமிலம் அயனியைவிடப் பல பத்து மடங்கு வலியது.

இவ்விரண்டும் எந்த விகிதத்தில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பிஎச் மதிப்பு. நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைச் சுருக்கமாகக் குறிக்கும் இந்த அளவுகோலை 1909-இல் வகுத்தவர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சென். பீர் வடித்தல் சார்ந்த ஆய்வுக்காக நிறுவப்பட்ட கூடம் அது. ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம், ஒவ்வொரு படியும் பத்து மடங்கு வேறுபாடு. பிஎச் 7.5-ஐ ஒட்டி ஹைப்போகுளோரஸ் அமிலமும் அயனியும் சரிபாதியாக இருக்கின்றன, 7.0-இல் அமிலத்தின் பங்கு நான்கில் மூன்றாக உயர்கிறது, 8.0-இல் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. குளத்து நீரை 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் வைத்திருக்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம். மனிதக் கண்ணீரின் பிஎச் ஏறத்தாழ 7.4 என்பது மற்றொரு காரணம்.

கொல்லுதல் நொடியில் முடிந்துவிடும் செயல் என்று பலர் கருதுவதுண்டு. அது கிருமியைப் பொறுத்தது. ஒரு பிபிஎம் குளோரினும் 7.5 பிஎச்சும் கொண்ட நீரில், நோயுண்டாக்கும் ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் அழிகிறது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-ஏ வைரஸுக்கு ஏறத்தாழ 16 நிமிடமும், ஜியார்டியா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணிக்கு 45 நிமிடமும் ஆகின்றன என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையங்கள் குறிப்பிடுகின்றன. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் மற்றோர் ஒட்டுண்ணியோ கெட்டியான உறைக்குள் இருப்பதால் அதே நீரில் பத்து நாட்களுக்கு மேல் உயிரோடிருக்கும். ஆகவே வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்கக் கூடாது என்னும் விதி வெறும் நாகரிகம் சார்ந்ததன்று. நீர் எவ்வளவு தெளிவாகப் பளிங்குபோல் இருந்தாலும், அன்றாட அளவிலுள்ள குளோரினால் அந்த ஒட்டுண்ணியிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்ற முடியாது.

திறந்தவெளிக் குளத்தில் குளோரினுக்கு முதற்பகை கிருமியன்று, கதிரவன். புறஊதாக் கதிர்கள் ஹைப்போகுளோரைட் அயனியை உடைப்பதால், உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பாதிக் குளோரின் மறைந்துவிடும். இதைத் தடுக்கச் சேர்க்கப்படுவது சயனூரிக் அமிலம்; வணிகத்தில் இது 'ஸ்டெபிலைசர்' எனப்படுகிறது. கார்பனும் நைட்ரஜனும் மாறிமாறி அமைந்த இந்த வளைய மூலக்கூறு குளோரினைத் தளர்வாகப் பற்றிக்கொண்டு, கதிர்களிடமிருந்து காத்து, நீரில் குளோரின் செலவாகச் செலவாகச் சிறிது சிறிதாக விடுவிக்கிறது. முப்பது முதல் ஐம்பது பிபிஎம் வரை இருந்தால் வெயிலில் ஏற்படும் இழப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் இந்தக் காப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த அளவில் நீரிலுள்ள குளோரினில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சயனூரிக் அமிலத்தோடு பிணைந்தே இருக்கிறது. கொல்லும் வேலைக்குக் கிடைப்பது எஞ்சிய மிகச் சிறு பங்குதான். இந்தப் பிணைப்புகளின் சமநிலை மாறிலிகளை ஓ'பிரையன், மோரிஸ், பட்லர் ஆகிய மூவரும் 1974-இல் வெளியிட்டனர். குளோரின் அளவைத் தனியே பார்ப்பதில் பொருளில்லை, சயனூரிக் அமிலத்தோடு அதற்குள்ள விகிதத்தையே பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவு. ஸ்டெபிலைசர் இல்லாத நீருக்குக் குறைந்தது ஒரு பிபிஎம், இருக்கும் நீருக்குக் குறைந்தது இரண்டு பிபிஎம் என்று வழிகாட்டுதல்கள் வேறுபடுத்துவதும் இதனால்தான். பிஎச் உயர்ந்தால் குளோரின் வலிமை சரிபாதியாகும் என்னும் மேற்சொன்ன கணக்கும் ஸ்டெபிலைசர் உள்ள நீரில் அதே கடுமையோடு பொருந்துவதில்லை. பிணைந்திருக்கும் பெருங்கையிருப்பு அந்த மாற்றத்தை ஓரளவு ஈடுசெய்துவிடுகிறது.

டிரைகுளோர் வில்லை, குளோரினையும் சயனூரிக் அமிலத்தையும் ஒரே மூலக்கூறில் கொண்டது. மிதவையில் போட்டுவிட்டால் வாரம் முழுதும் தானே கரையும் என்பதால் வீட்டுக் குளங்களில் இதுவே விரும்பப்படுகிறது. பத்து பிபிஎம் குளோரினை இந்த வில்லையால் சேர்க்கும்போது ஆறு பிபிஎம் சயனூரிக் அமிலமும் கூடவே சேர்கிறது. குளோரின் செலவாகிவிடும், சயனூரிக் அமிலம் செலவாவதில்லை. நாளொன்றுக்கு இரண்டு பிபிஎம் குளோரின் தேவைப்படும் குளத்தில் இவ்வாறு மாதம் 36 பிபிஎம், மூன்று மாதத்தில் நூறு பிபிஎம்முக்கும் மேல் சயனூரிக் அமிலம் தேங்கும். அப்போது சோதனைப் பெட்டி வழக்கமான குளோரின் அளவையே காட்டும், நீரோ மெல்லப் பச்சையாகத் தொடங்கும். உரிமையாளர் மருந்து கலப்படம் என்று எண்ணி மேலும் வில்லைகளைப் போடுவார். சிக்கலுக்கு மருந்தென்று போடுவதே சிக்கலை வளர்க்கும் இந்த நிலை வீட்டுக் குளங்களில் மிகவும் சாதாரணமாகக் காணப்படுவது வருந்தத்தக்கது. மற்ற வடிவங்களுக்கும் இத்தகைய துணைச் சேர்க்கைகள் உண்டு. கால்சியம் ஹைப்போகுளோரைட் பத்து பிபிஎம் குளோரினோடு ஏறத்தாழ ஏழு பிபிஎம் கடினத்தன்மையைச் சேர்க்கும். பிளீச்சிங் பவுடர் அடியில் சுண்ணாம்புச் சேற்றை விடும். திரவ ஹைப்போகுளோரைட் உப்பை மட்டும் விட்டுச் செல்வதால் இவற்றுள் தீங்கு குறைந்தது, ஆயினும் கோடை வெப்பத்தில் கேனிலேயே வலுவிழந்துவிடும் என்பதால் நிழலில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். 'உப்புநீர்க் குளம்' என்று விற்கப்படுவதும் குளோரின் இல்லாத குளமன்று. கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது 3,000 முதல் 4,000 பிபிஎம் வரை, உப்பைக் கரைத்து, மின்பகுப்பின் மூலம் அங்கேயே குளோரினை உண்டாக்கும் ஏற்பாடு அது.

குளத்தருகே மூக்கைத் துளைக்கும் வாடையைப் பலரும் குளோரின் மிகுதியென்று கொள்கின்றனர். உண்மை ஏறத்தாழ அதற்கு நேர்மாறானது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள அம்மோனியா, யூரியா போன்ற நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் வினைபுரிந்து குளோரமின்களைத் தோற்றுவிக்கிறது. அவற்றுள் டிரைகுளோரமின் எளிதில் ஆவியாகிக் கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்துவது. இவ்வாறு கட்டுண்ட குளோரினைப் பிணைந்த குளோரின் என்றும், வினைக்குத் தயாராக இருப்பதைக் கட்டற்ற குளோரின் என்றும் பிரித்துச் சொல்வர். பிணைந்தது 0.4 பிபிஎம்மைத் தாண்டினால் நீரில் அழுக்கு மிகுந்து குளோரின் போதவில்லை என்று பொருள். அம்மோனியாவிலிருந்து வந்த குளோரமின்களை மேலும் குளோரின் சேர்த்தே போக்கலாம்: அம்மோனியாவிலுள்ள நைட்ரஜனின் எடையைப்போல் 7.6 மடங்கு குளோரின் சேர்ந்ததும் நைட்ரஜன் வாயுவாகப் பிரிந்து காற்றில் கலந்துவிடும், நடைமுறையில் பத்து மடங்கு வரை இட வேண்டியிருக்கும். யூரியா மெதுவாக வினைபுரிவதால் இவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. குளத்தில் இறங்குமுன் ஒரு நிமிடம் உடலைக் கழுவிக்கொள்வது எந்த மருந்தையும்விடப் பயனுள்ளது.

இதுவரை சொன்னவை கிருமிநீக்கம் பற்றியவை. நீரின் நிலைத்தன்மையைத் தாங்குவது வேறொரு வேதித் தொகுதி. கார்பன்-டை-ஆக்சைடு, பைகார்பனேட், கார்பனேட் ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும் தொகுதி அது. அமிலத்தை ஏற்று நடுநிலையாக்கும் நீரின் ஆற்றலைக் காரத்தன்மை என்பர். இதுவும் பிஎச்சும் ஒன்றே என்னும் மயக்கம் பரவலாக உள்ளது. பிஎச் நீரின் இன்றைய நிலையைக் காட்டுகிறது, காரத்தன்மையோ அந்த நிலை மாற எவ்வளவு அமிலம் வேண்டும் என்பதைக் காட்டுகிறது. பைகார்பனேட் மிகக் குறைந்தால் ஒரு கைப்பிடி மருந்துக்கே பிஎச் தாவிக் குதிக்கும். 80 முதல் 120 பிபிஎம் வரை இருந்தால் அது தாங்கல் கரைசலாக நின்று மாற்றத்தை மட்டுப்படுத்தும். மிகுந்துவிட்டாலும் தொல்லைதான். பைகார்பனேட் நிறைந்த நீரில் காற்றோடு சமநிலை பெறத் தேவையானதைவிடக் கூடுதலான கார்பன்-டை-ஆக்சைடு கரைந்திருக்கும். அது தொடர்ந்து வெளியேற வெளியேற, எவரும் எதையும் சேர்க்காமலேயே பிஎச் ஏறிக்கொண்டிருக்கும். செயற்கை அருவியும் நீரூற்றும் உள்ள குளங்களில் இந்த ஏற்றம் விரைவானது.

காரத்தன்மையை உயர்த்துவது எளிது. நம் குளத்தில் பத்து பிபிஎம் கூட்ட 840 கிராம் சமையல் சோடா போதும். குறைப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்: பத்து பிபிஎம் குறைக்க, 33 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ ஒரு லிட்டர் செலவாகும், ஆனால் அமிலம் பிஎச்சையும் சேர்த்தே இறக்கிவிடும். இங்கேதான் கார்பன்-டை-ஆக்சைடின் இயல்பு கைகொடுக்கிறது. அமிலத்தால் பிஎச்சை 7.0 அல்லது 7.2 வரை இறக்கியபின் நீரூற்றை ஓடவிட்டால், கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறிப் பிஎச் மீண்டும் உயரும், இழந்த காரத்தன்மை மட்டும் திரும்புவதில்லை. சில நாட்கள் இதைத் திரும்பத் திரும்பச் செய்து விரும்பிய அளவை அடையலாம். சலவை சோடாவைச் சமையல் சோடாவுக்கு மாற்றாகக் கொள்வது தவறு. அது காரத்தன்மையைவிடப் பிஎச்சையே முதலில் உயர்த்தும்.

குளத்தின் சுவரும் இந்த வேதியியலில் பங்கேற்கிறது. சிமெண்ட் பூச்சிலும் ஓடுகளுக்கிடையிலான சந்துப் பூச்சிலும் கால்சியம் சேர்மங்கள் உள்ளன. நீரில் கால்சியம் கார்பனேட் தெவிட்டாமல் இருந்தால் நீர் அதைச் சுவரிலிருந்து அரித்தெடுக்கும், தெவிட்டு நிலையைத் தாண்டினால் வெண்படலமாகச் சுவரிலும் குழாயிலும் படியவைக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்ஃபிரட் லாங்கிலியர், நகரக் குடிநீர்க் குழாய்கள் துருப்பிடிப்பதைத் தடுக்கும் நோக்கில், இந்த நிலையை ஒரே எண்ணில் அளக்கும் குறியீட்டை 1936-இல் வெளியிட்டார். பிஎச், வெப்பநிலை, காரத்தன்மை, கால்சியம் கடினத்தன்மை, மொத்தக் கரைபொருள் ஆகிய ஐந்தும் அதில் அடங்குகின்றன. விடை சுழியை ஒட்டியிருந்தால் நீர் அரிப்பதுமில்லை, படிவதுமில்லை. எதிர்மம் அரிப்பையும் நேர்மம் படிவையும் காட்டும். வெப்பம் கூடினால் சர்க்கரையும் உப்பும் கூடுதலாகக் கரைவது வழக்கம், கால்சியம் கார்பனேட்டோ குறைவாகக் கரையும். ஆகவே வெயில் ஏற ஏறக் குறியீடும் ஏறும். முப்பது பாகை செல்சியஸில் 300 பிபிஎம் கால்சியம் கடினத்தன்மை, 100 பிபிஎம் காரத்தன்மை, 1,000 பிபிஎம் கரைபொருள், 7.5 பிஎச் கொண்ட நீருக்குக் குறியீடு ஏறத்தாழ 0.1, மிக நல்ல நிலை. சயனூரிக் அமிலமும் காரத்தன்மைச் சோதனையில் சேர்ந்து பதிவாவதால், கணக்கிடுமுன் அதன் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பல கையேடுகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

தமிழ்நாட்டில் இந்தக் குறியீடு பெரும்பாலும் நேர்மப் பக்கமே சாய்கிறது, ஏனெனில் பல ஊர்களில் குளத்தை நிரப்புவது ஆழ்துளைக் கிணற்று நீர். கடினத்தன்மை 600 பிபிஎம், காரத்தன்மை 300, கரைபொருள் 1,500, பிஎச் 7.8 என்றிருக்கும் நீரை எடுத்துக்கொண்டால் குறியீடு 1.1-ஐத் தாண்டுகிறது, அத்தகைய நீர் சில வாரங்களிலேயே ஓடுகளில் வெள்ளை வரி போடும். இரும்புச்சத்துள்ள நீராயின் குளோரின் பட்டதும் செம்பழுப்பாக மாறும். இதற்கு அஞ்சி எதிர்சவ்வூடுபரவல் முறையில் சுத்திகரித்த நீரால் முழுக் குளத்தையும் நிரப்புவோர் மறுகோடிக்குச் செல்கின்றனர்: கால்சியமும் பைகார்பனேட்டும் தலா இருபது பிபிஎம்மே உள்ள நீரின் குறியீடு எதிர்மத்தில் இரண்டை நெருங்கும், சந்துப் பூச்சு கரைந்து ஓடுகள் தளரும். இரு நீரையும் கலப்பதே தகுந்த வழி.

ஆவியாதல் இந்தச் சிக்கலை ஓயாமல் வளர்க்கிறது. கோடையில் நாளொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொண்டால் மூன்று மாதத்தில் 54 சென்டிமீட்டர், அதாவது நம் குளத்தின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், மறைந்துபோகிறது. அதை 500 பிபிஎம் கடினத்தன்மையுள்ள நீரால் ஈடுசெய்தால் குளத்தின் கடினத்தன்மை ஒரே கோடையில் 190 பிபிஎம் கூடும். தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதே இங்கும் மெதுவாக நடக்கிறது. இரவில் குளத்தை விரிப்பால் மூடுவதும், ஈடுசெய்வதற்கு மட்டுமாவது மென்மையான நீரைப் பயன்படுத்துவதும் இதற்கு மாற்று. மழைநீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் இல்லையென்றே சொல்லலாம். வடகிழக்குப் பருவத்தில் குளத்தில் நேராக விழும் மழை கடினத்தன்மையை இலவசமாகக் குறைத்துத் தருகிறது, ஆனால் காரத்தன்மையையும் குளோரினையும் உடன் குறைப்பதால் பெருமழைக்கு மறுநாள் சோதனை தவறக் கூடாது.

சோதனைக்குப் பயன்படும் முறைகளுள் குளோரினுக்கு உரியது, இங்கிலாந்தின் பேலின் 1957-இல் வகுத்த டிபிடி முறை. கட்டற்ற குளோரின் இருந்தால் நீர் இளஞ்சிவப்பாகும், நிறத்தின் அடர்த்தி அளவைக் காட்டும். இதில் ஒரு பொறி உள்ளது: குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது அந்தச் சாயத்தையே வெளுத்துவிடும், நிறமற்ற நீரைக் கண்டு குளோரினே இல்லையென்று முடிவுகட்ட நேரும். ஐயம் எழுந்தால் மாதிரியைக் குளோரின் இல்லாத நீரால் நீர்த்துப் பார்க்க வேண்டும். பிஎச்சைக் காட்டும் ஃபீனால் சிவப்புச் சாயமும் குளோரின் மிகுந்த நீரில் ஊதாவாகி ஏமாற்றும்.

திருத்தும்போது முதலில் காரத்தன்மையையும், பிறகு பிஎச்சையும் சரிசெய்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்வதே முறை, ஏனெனில் காரத்தன்மை நிலைபெறாதவரை பிஎச் நிற்காது. எந்த மருந்தையும் தனித்தனியே, மோட்டார் ஓடும்போது, இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றாமல் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் ஒரே வாளியில் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். டிரைகுளோரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும், ஒன்றை அள்ளிய ஈரக் கரண்டியை மற்றதில் விடுவதுகூட ஆபத்து. வீட்டில் இவற்றை ஒரே அலமாரியில் அடுக்கி வைப்போர் இதை உண்மையாகவே அஞ்ச வேண்டும்.

இவ்வளவு கவனமாக இருந்தாலும் சயனூரிக் அமிலமும் கால்சியமும் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அவற்றை நீக்க வீட்டளவில் நம்பத்தக்க ஒரே வழி நீரை மாற்றுவது. குளத்தை முழுதாகக் காலி செய்வது எளிய தீர்வாகத் தோன்றினாலும், பருவமழைக்குப்பின் கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் தரைமட்டத்தை நெருங்கியிருக்கும்போது அது பேரிழப்பில் முடியக்கூடும்: உள்ளே நீரின் எடை இல்லாத தொட்டியைச் சுற்றியுள்ள நீர் கீழிருந்து மேலே தள்ளும், தளம் விரிசலிடும், ஃபைபர் தொட்டியாயின் முழுதாகவே மிதந்து எழும். மூன்றில் ஒரு பங்கு நீரை இறக்கி மீண்டும் நிரப்புவதை மூன்று முறை செய்தால் 120 பிபிஎம் சயனூரிக் அமிலம் 80, 53, 36 என்று இறங்கிவிடும், தொட்டியின் எடையும் காக்கப்படும். நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் கோடையின் பிற்பகுதி இதற்கு ஏற்ற காலமென்றாலும், நீர்த் தட்டுப்பாடும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும் என்பதால், பருவமழை தொடங்கிய முதல் வாரங்களில் சிறிது சிறிதாக இறக்கி மழைநீரால் நிரப்பிக்கொள்வது பொறுப்பான செயல். இறக்கும் நீரில் குளோரின் சுழியாக வேண்டும். சயனூரிக் அமிலம் மிகுந்த நீரில் குளோரின் வெயிலுக்கும் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதால் சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்து முறித்து, சோதித்த பின்பே தோட்டத்துக்குப் பாய்ச்சலாம். உப்பை ஓரளவு தாங்கும் தென்னைக்கு அந்நீர் ஏற்றது. வாழைக்கும் எலுமிச்சைக்கும் விடாதிருத்தல் நலம்.